வாங்கத் தெரிந்த கவுன்சிலுக்குக் கொடுக்கத் தெரியவில்லை

இங்கிலாந்தில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாத ஓர் உத்தியோகம் உண்டு. பெரியவர்களுக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வது. ஜிபி கடிதம், ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட், பென்ஷன், கரண்ட் பில் என்று வந்துகொண்டே இருக்கும். இவற்றில் ஆளை நித்திரை கொள்ள விடாதது கவுன்சில் கடிதம்தான், அதிலும் கவுன்சில் டாக்ஸ் என்ற வீட்டு வரிப் பகுதியிலிருந்து வருவது.

போன வருடம் எங்கள் தெருவில் இருக்கும் அன்ரி ஒருவர் அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, இதை ஒருக்காப் பாருங்கோ. கோர்ட் எண்டு என்னவோ போட்டுக் கிடக்கு. நான் ஒரு பிழையும் செய்யேல்லையே."

ஒரே தாள், இரண்டு பக்கமும் எழுத்து. தொடக்கத்திலேயே 1992ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டம். அதற்குக் கீழே கணக்கு எண், பிறகு ஒரு கட்டம், கட்டத்துக்குள் பெரிய தொகை ஒன்று. மூன்றாவது பத்தியில் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டும் கோர்ட் செலவும். எப்படிக் கட்டுவது, யாருக்குப் போன் செய்வது என்பதெல்லாம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில்.

நடந்தது இதுதான். அங்கிள் சில மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார். கவுன்சில் டாக்ஸ் அவர் வங்கிக் கணக்கிலிருந்து டைரக்ட் டெபிட்டில் போய்க்கொண்டிருந்தது. கணக்கை மூடியதும் அது நின்றது. நினைவூட்டல் கடிதம் அங்கிளின் பெயருக்கு வந்தது. அன்ரி அதை உடைக்கவில்லை, சாமி அறையில் அவர் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். "அவற்ற பேருக்கு வந்த கடிதத்தை நான் என்னெண்டு உடைக்கிறது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இங்குள்ள விதி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கவுன்சில் டாக்ஸை வழக்கமாக ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துத் தவணையாகக் கட்டலாம். ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் வரும், ஏழு நாள் அவகாசம். அதற்குள் கட்டாவிட்டால், இன்னும் ஏழு நாளில் தவணை உரிமையே போய்விடும், மிச்ச வருடத்துப் பணம் முழுவதையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டும். அப்போதும் கட்டாவிட்டால் கோர்ட், கோர்ட்டுக்குப் பிறகு பாக்கி வசூலிக்க வரும் பெய்லிஃப். 2014இல் வந்த கட்டண விதியில், வழக்கு பெய்லிஃப் கைக்குப் போனதுமே 75 பவுண்ட், ஆள் வீட்டு வாசலுக்கு வந்தால் மேலும் 235 பவுண்ட் என்று வைத்தார்கள். கடன்காரன் கையில் காசில்லை என்று தெரிந்துகொண்டே கடனைக் கூட்டும் முறை இது.

அன்ரி கதையில் வயிற்றெரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் இருந்தால் வரியில் 25 சதவீதம் தள்ளுபடி. அங்கிள் போன பிறகு அன்ரி தனி ஆள். அதாவது கவுன்சில் கேட்ட தொகையே பிழை. கோர்ட்டுக்கு இழுக்கப்போவதாக மிரட்டும் அதே கவுன்சில்தான் அவருக்குத் தள்ளுபடியும் தர வேண்டும். ஆனால் தள்ளுபடியை அவர் கேட்க வேண்டும். வரியை அவர்கள் கேட்பார்கள்.

அங்கிளின் மரணத்தைப் பதிந்ததும் அதே கவுன்சிலின் பதிவாளரிடம்தான். அங்கே 'டெல் அஸ் ஒன்ஸ்' என்று நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பதிவாளர் தரும் எண்ணை வைத்து ஒருமுறை தெரிவித்தால், பென்ஷன் பகுதியிலிருந்து கவுன்சில் டாக்ஸ் பகுதிவரை தகவல் போய்ச் சேரும். அந்த எண் இருந்த தாள், செத்தவீட்டுக் கணக்கு, பூக்கடை ரசீது எல்லாவற்றோடும் சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் பையில் கிடந்தது. மகன் கனடாவிலிருந்து வந்து காரியம் முடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அதை எடுத்துப் பார்க்க யாருக்கும் அப்போது மனம் இருந்திருக்காது.

இதை நான் எழுதக் காரணம் இருக்கிறது. மனிதர்கள் படிவத்தையும் கடிதத்தையும் கண்டால் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை உலகத்துக்கே பாடம் எடுத்த நாடு இது. 2010இல், டேவிட் கமரூன் பிரதமரானதும், கேபினட் ஆபீசுக்குள் பிஹேவியரல் இன்சைட்ஸ் டீம் என்று ஒரு சின்னக் குழு தொடங்கினார்கள். பத்திரிகைகள் 'நட்ஜ் யூனிட்' என்று பெயர் வைத்தன. அப்போது டேவிட் ஹால்பர்ன் அதன் தலைவர். அதற்கு இரண்டு வருடம் முன்னால் ரிச்சர்ட் தேலரும் கேஸ் சன்ஸ்டைனும் எழுதிய 'நட்ஜ்' புத்தகம்தான் அடித்தளம். தேலருக்கு 2017இல் பொருளாதார நோபலும் கிடைத்தது. கட்டளை போடாமல், காசும் கொடுக்காமல், கேட்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றி மக்களை வழிக்குக் கொண்டுவரலாம் என்பது அவர்களின் வாதம்.

அவர்கள் செய்து காட்டியதும் உண்மை. வருமான வரி பாக்கிக்காரர்களுக்குப் போகும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் நேரத்துக்குக் கட்டிவிடுகிறார்கள், கட்டாத சொற்பப் பேரில் நீங்களும் ஒருவர் என்று. பணம் கூடுதலாக வந்தது. ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்று நம் ஆட்கள் எப்போதோ சொன்னதைத்தான் அவர்கள் வெள்ளைக் கவரில் போட்டு அனுப்பினார்கள். கோர்ட் அபராதம் கட்டாதவர்களுக்கு, பெய்லிஃபை அனுப்பும் முன் ஒரு டெக்ஸ்ட் அனுப்பிப் பார்த்தார்கள். டெக்ஸ்ட் போகாதவர்களில் 5 சதவீதம் பேர்தான் கட்டினார்கள், பெயர் சொல்லி டெக்ஸ்ட் போனவர்களில் 33 சதவீதம். ஒரு டெக்ஸ்ட் சில பென்ஸ்தான். பெய்லிஃப் வேன் வாசலில் வந்து நிற்கும் அவமானமும் மிச்சம்.

இந்தச் சோதனைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். வருமான வரி, கோர்ட் அபராதம், வாகன வரி. 2012இல் அந்தக் குழு வெளியிட்ட முக்கியமான அறிக்கை ஒன்றின் தலைப்பே மோசடியையும் தவறையும் கடனையும் குறைப்பது பற்றியது. அத்தனையும் அரசாங்கம் வாங்க வேண்டிய காசு. மக்களுக்குச் சேர வேண்டியது கிடைக்காமல் கிடப்பதில் அந்தச் சுறுசுறுப்பை நான் பார்க்கவில்லை. அது ஏன் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. வந்த வரியை எண்ணிக் காட்டி ஒரு அதிகாரி நல்ல பெயர் எடுக்கலாம். கொடுத்த தள்ளுபடியை எண்ணிக் காட்டினால் நிதிப் பகுதி முறைக்கும்.

சரி, இந்த வித்தை உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது? ஸ்டெஃபனோ டெல்லாவிக்னாவும் எலிசபெத் லினோஸும் 2022இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். அமெரிக்காவின் இரண்டு பெரிய நட்ஜ் குழுக்கள் செய்த 126 சோதனைகள், 2 கோடியே 30 லட்சம் மக்கள். பல்கலைக்கழக ஆய்விதழ்களில் வெளியான சோதனைகள் சராசரியாக 8.7 சதவீதப் புள்ளி மாற்றம் காட்டின. அரசாங்கக் குழுக்கள் செய்ததில் வெறும் 1.4. ஆய்விதழ்களுக்கு வெற்றிக்கதை பிடிக்கும், தோற்றது மேசை இழுப்பறைக்குள் போய்விடும் என்பது இந்த இடைவெளிக்குப் பெரிய காரணம்.

1.4 என்றதும் 'அட, இவ்வளவுதானா' என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எப்படியும் அனுப்பத்தான் போகிற கடிதம். அதே தாள், அதே முத்திரை. வார்த்தையை மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு குமாஸ்தாவின் அரை நாள். லட்சம் பேருக்கு 1.4 என்றால் 1,400 பேர். அதில் ஒருவர் என் அன்ரியாக இருந்தால் எனக்குப் போதும். மந்திரம் என்று விற்கும் ஆலோசகரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். படிவத்தின் அடியில் வாங்கும் கையெழுத்தை மேலே வாங்கினால் மக்கள் உண்மை எழுதுவார்கள் என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. அதை நம்பிப் பலர் படிவம் மாற்றினார்கள். தரவில் மோசடி என்று தெரிந்து 2021இல் அந்த ஆய்வையே திரும்பப் பெற்றார்கள். நேர்மையைப் பற்றிய ஆய்வு அது என்பதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

செய்து பார்க்காமல் இறங்கக்கூடாது என்பதற்கு நட்ஜ் யூனிட்டே நல்ல சாட்சி. உறுப்புதானப் பதிவை இணையத்தில் கேட்கும்போது எந்த வாசகம் எடுபடும் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். 'உங்களுக்குத் தேவைப்பட்டால் பிறர் உறுப்பை ஏற்பீர்களா? அப்படியானால் பிறருக்கும் உதவுங்கள்' என்ற தொனி வென்றது. சிரித்த முகத்தோடு ஒரு கூட்டம் நிற்கும் படம் போட்ட பக்கம் மட்டும், ஒன்றும் சேர்க்காத வெறும் பக்கத்தையும் விட மோசமாகப் போனது. கவுன்சில் துண்டுப் பிரசுரங்களை எடுத்துப் பாருங்கள், முக்கால்வாசியில் அந்தச் சிரித்த கூட்டம்தான்.

எச்சரிக்கைப் பலகை விஷயமும் இப்படித்தான். எங்கள் பக்கத்துச் சந்தில் பழைய மெத்தையும் சோபாவும் கொண்டுவந்து போடுகிறார்கள். கவுன்சில் என்ன செய்தது? 'இது குப்பை கொட்டப்படும் இடம்' என்ற பொருளில் பெரிய பலகை வைத்தது. வழி தெரியாமல் மெத்தையோடு அலைபவனுக்கு விலாசம் கொடுத்த மாதிரி! அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாய்ப் போன மரங்கள் உள்ள தேசியப் பூங்கா ஒன்றில், ராபர்ட் சியால்டினி குழு இதைச் சோதித்திருக்கிறது. 'வந்தவர்கள் பலர் மரத்துண்டுகளை எடுத்துப் போய்விட்டார்கள்' என்ற பலகை இருந்த பாதையில், ஆய்வாளர்கள் போட்டு வைத்த துண்டுகளில் 7.92 சதவீதம் காணாமல் போயின. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்ற பலகைப் பாதையில் 1.67 சதவீதம்தான். எல்லோரும் திருடுகிறார்கள் என்று நீயே சொன்னால், நான் மட்டும் ஏன் சும்மா போக வேண்டும் என்றுதான் மனம் கேட்கும். ஊரில் மூத்திரச் சந்துச் சுவரில் சாமிப் படம் போட்ட டைல்ஸ் பதிக்கிறவர் சியால்டினியைப் படித்தவரல்ல. ஆனாலும் 'இங்கே எல்லோரும் போகிறார்கள்' என்று அவர் எழுதி வைப்பதில்லை, பார்த்தீர்களா?

பலகையே வேண்டாம், விளையாட்டாகக் கேள் என்பது இன்னொரு வழி. 2015இல் லண்டன் சேரிங் கிராஸ் பக்கத்திலுள்ள வில்லியர்ஸ் தெருவில், ஹப்பப் என்ற அமைப்பு சிகரெட் துண்டு போட ஒரு பெட்டி வைத்தது. முன்பக்கம் கண்ணாடி, இரண்டு ஓட்டை, மேலே ஒரு கேள்வி: உலகின் சிறந்த வீரர் யார், ரொனால்டோவா மெஸ்ஸியா? துண்டைப் போட்டு ஓட்டளிக்க வேண்டும். ஈஸ்ட் ஹாமில் இளையராஜாவா ரஹ்மானா என்று ஒன்று வைத்தால், சிகரெட் குடிக்காதவனும் ஓட்டுப் போடத் துண்டு தேடுவான்.

விளையாட்டு எல்லாவற்றுக்கும் உதவாது. சாப்பாட்டுக் கழிவை எடுத்துக்கொள்ளுங்கள். 2026 மார்ச் 31 முதல் இங்கிலாந்தின் கவுன்சில்கள் வீடுகளிலிருந்து வாராவாரம் சாப்பாட்டுக் கழிவைத் தனியாக எடுக்க வேண்டும் என்று சட்டம். சமையலறைக்குள் வைக்க ஒரு குட்டி வாளி, வாசலில் வைக்க மூடி பூட்டும் பெரிய வாளி. ராப் என்ற அமைப்பு பல வருடமாகக் கவுன்சில்களுக்குச் சொல்லிவரும் யோசனை எளிமையானது. சாதாரணக் குப்பைத் தொட்டியின் மூடியில் 'சாப்பாட்டுக் கழிவு வேண்டாம்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டு, வாளிக்குள் போட மக்கும் பைகளை இலவசமாகக் கொடு. கை குப்பைத் தொட்டியை நோக்கிப் போகிற அந்த நொடியில் ஸ்டிக்கர் கண்ணில் படும். பை இருந்தால் அருவருப்பு குறையும். நாற்றத்துக்குப் பயந்துதான் பாதிப் பேர் பிரிப்பதில்லை, சோம்பலால் அல்ல.

இதில் எங்கள் வீடுகளுக்கு இன்னொரு சிக்கல். வாளியோடு வரும் தாளில் வாழைப்பழத் தோல், டீ பேக், கடித்த ஆப்பிள், பாண் துண்டு. எங்கள் வீட்டு வாளியில் விழுவது மீன் தலை, நண்டு ஓடு, பிழிந்த தேங்காய்ப்பூ, முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலை ஈர்க்கு. சிரட்டை எங்கே போடுவது என்று என் அம்மா கேட்கிறார். தாளில் பதில் இல்லை. பதில் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? வம்பே வேண்டாமென்று எல்லாவற்றையும் கறுப்புப் பைக்குள் கட்டிப் போடுவார்கள். பிறகு 'சில சமூகத்தினர் ஒத்துழைப்பதில்லை' என்று ஒரு கூட்டத்தில் கணக்குக் காட்டப்படும். படத்தில் ஒரு மீன் முள்ளைப் போட்டிருந்தால் போதும்.

பெரிய நகரம், பெரிய குழு இருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்பதும் சரியல்ல. கோஸ்டாரிகாவில் பெலன் என்ற சிறு நகராட்சி 2014இல் தண்ணீர் பில்லில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியது. உங்கள் சுற்றுவட்டாரத்து வீடுகளோடு பார்க்கும்போது நீங்கள் கூடவா குறையவா என்பது மட்டும். வேறு சில வீடுகளுக்கு, தண்ணீரைச் சேமிக்கத் தாங்களே இலக்கு எழுதிவைக்கும்படி ஒரு அட்டை. சுற்றுவட்டாரத்தோடு ஒப்பிட்ட வீடுகளில் பயன்பாடு 3.7 முதல் 5.6 சதவீதம்வரை குறைந்தது. முழு நகரத்தோடு ஒப்பிட்ட ஸ்டிக்கரால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நகரம் எப்படிப் போனால் எனக்கென்ன, பக்கத்து வீட்டுக்காரன் என்ன செய்கிறான் என்பதுதானே நமக்கு வேண்டியது.

இவ்வளவு மலிவாக, இவ்வளவு சுலபமாக இருந்தும் ஏன் எல்லாக் கவுன்சிலும் செய்வதில்லை? இதற்கும் டெல்லாவிக்னா, லினோஸ் குழுவே பதில் தேடியது. அமெரிக்காவின் 30 நகரங்களில் நடந்த 73 சோதனைகளைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். சோதித்த வாசகத்தைப் பிறகும் பயன்படுத்தியது 27 சதவீதத்தில்தான். நல்ல பலன் தந்ததா இல்லையா என்பது அதைப் பெரிதாகத் தீர்மானிக்கவில்லை. ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த கடிதத்தைத் திருத்தியிருந்தால் 67 சதவீதம் நிலைத்தது. சோதனைக்கென்றே புதிதாகத் தொடங்கியதென்றால் 12 சதவீதம். புதிதாக ஒன்றைத் தொடங்கினால், தொடங்கியவர் மாற்றலாகிப் போனதும் அதுவும் போய்விடும். பழைய கடிதம் யார் போனாலும் பிரிண்டரிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

ஆகவே என் கட்சி இதுதான். புதுச் செயலி வேண்டாம், விழிப்புணர்வு வாரம் வேண்டாம். ஏற்கெனவே வீட்டுக்கு வருகிற அந்தப் பாழாய்ப்போன கடிதத்தில் கைவையுங்கள். 'உங்கள் ஜூன் தவணை வந்து சேரவில்லை. இவ்வளவு கட்ட வேண்டும், இந்தத் தேதிக்குள். இப்போது முடியாவிட்டால் இந்த எண்ணுக்கு அழையுங்கள். வீட்டில் நீங்கள் தனியாக இருக்கிறீர்களா? அப்படியானால் தொகை குறையும், சொல்லுங்கள்.' இதைத்தான் முதல் பக்கத்தின் தலையில் போட வேண்டும். சட்டத்தின் பெயரைக் கட்டாயம் போடத்தான் வேண்டுமென்றால் அதைப் பின்பக்கத்துக்கு அனுப்பலாம். அன்ரியோடு உட்கார்ந்து நான் போனில் முடித்த வேலை, ஸ்பீக்கரில் ஓடிய இசையைக் கழித்தால், மிகச் சின்னது. எடுத்த பெண் நல்லவர். தள்ளுபடியைப் பதிந்து, தவணையைத் திரும்பத் தந்து, அங்கிளுக்காக வருத்தமும் சொன்னார். அவர் இவ்வளவு நல்லவர் என்பதைக் கடிதம் மறைத்துவிட்டது.

கொடுக்கும் பக்கம் சீர் செய்யலாம் என்பதற்கு வேல்ஸைக் காட்டலாம். டிமென்ஷியா போன்ற தீவிர மன இயலாமை உள்ளவரைக் கவுன்சில் டாக்ஸ் கணக்கில் சேர்ப்பதில்லை. டாக்டரின் சான்றும், அட்டென்டன்ஸ் அலவன்ஸ் போன்ற ஓர் உதவித்தொகைக்குத் தகுதியும் வேண்டும். அவர் தனியாக இருந்தால் வரியே இல்லை, துணையாக ஒரு பெரியவர் மட்டும் இருந்தால் 25 சதவீதம் குறையும். இதை ஒவ்வொரு கவுன்சிலும் ஒவ்வொரு விதமாகக் கேட்டுக் குழப்பிக்கொண்டிருந்தது. வேல்ஸில் 2019 முதல் 22 கவுன்சில்களுக்கும் ஒரே படிவம். அதைச் செய்ய எந்த உளவியல் நிபுணரும் தேவைப்பட்டிருக்க மாட்டார்.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வார இறுதியில் அம்மா அப்பாவைப் பார்க்கப் போனால், அல்லது போனில் கதைத்தால், கவுன்சில் டாக்ஸ் பில்லை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தனியாக இருக்கும் பெரியவர் என்றால் 25 சதவீதத் தள்ளுபடி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். டிமென்ஷியா இருந்தால் விலக்குக்கு விண்ணப்பியுங்கள். பழைய தேதியிலிருந்தும் கேளுங்கள், பல கவுன்சில்கள் தருகின்றன. பத்துத் தவணை பாரமாக இருந்தால் பன்னிரண்டாக மாற்றித் தரும்படி எழுதிக் கேட்க உரிமை உண்டு. வீட்டில் ஒரு மரணம் நடந்திருந்தால் பதிவாளர் தந்த தாளைத் தேடி எடுத்து, அந்த எண்ணை இன்றே பயன்படுத்துங்கள். சாமி அறையில் உடைக்காத கடிதம் ஏதும் இருக்கிறதா என்றும் ஒருக்காப் பாருங்கோ.